ஜெர்மனி எக்ஸ்சேஞ்சுக்கு ஏஜென்ட்கிட்ட பணம் கட்டப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

எங்க பொண்ணை 2023 செப்டம்பர்ல ஜெர்மனிக்கு ஒரு வருஷ ஸ்கூல் எக்ஸ்சேஞ்சுக்கு (அங்க ஒரு குடும்பத்தோட தங்கி அந்த ஊர் ஸ்கூல்ல படிக்கறது) அனுப்பினோம், அப்ப அவளுக்கு 16 வயசு. திருச்சியில ஒரு ஏஜென்ட் மூலமா. மொத்தம் ஒன்பதரை லட்சம், அதுல ரெண்டு லட்சம் "ஹோஸ்ட் ஃபேமிலி ஃபீஸ்"னு தனியா போட்டிருந்தாங்க. அதைப் பாத்தப்பவே நான் கேட்டிருக்கணும். ரோட்டரி மாதிரி லாபநோக்கம் இல்லாம எக்ஸ்சேஞ்ச் நடத்தறவங்ககிட்ட போனா பிள்ளைய வெச்சுக்கற குடும்பம் பணமே வாங்காது, ரூமும் சாப்பாடும் அவங்களா விரும்பிக் குடுக்கறது. அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல ஃபீஸும் கிடையாது. இதெல்லாம் பணம் கட்டி முடிச்சப்புறம்தான் எனக்குத் தெரிய வந்துச்சு.

விசா ஃபைல்ல ஒரு குடும்பத்தோட லெட்டர் வெச்சாங்க, அப்பா அம்மா, இவ வயசுலயே ஒரு பொண்ணு, அந்தப் பொண்ணோட இவ வீடியோ கால்ல பேசிப் பழகிட்டா, அவளுக்குன்னு முறுக்கு கூட சுட்டு வெச்சேன். ஃப்ளைட்டுக்கு ஆறு நாள் இருக்கறப்ப ஏஜென்ட் போன் பண்றார், "ஃபேமிலி மாறிடுச்சு மேடம், இது அதைவிட நல்ல ஃபேமிலி, ஸ்டுட்கார்ட் பக்கம்தான்". போய்ப் பாத்தா ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறி ஒரு மணி இருபது நிமிஷம். டிசம்பர்ல அங்க காலைல எட்டு மணிக்குதான் விடியுது, பொண்ணு ஆறு மணிக்கே கும்மிருட்டுல தனியா பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கா.

வீட்டுல ஒரு அம்மா மட்டும்தான். ஏற்கெனவே வேற நாட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேர் இருந்தாங்க, இவளையும் சேத்து மூணு பேருக்கும் பேஸ்மென்ட்ல ஒரே ரூம். ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு. ரெண்டாவது வாரமே மாசம் 350 யூரோ சாப்பாட்டுக்குத் தனியா குடுன்னு பொண்ணுகிட்ட நேராவே கேட்டிருக்காங்க, நம்ம காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல.

இதையெல்லாம் ஏஜென்ட்கிட்ட சொன்னா ஒரே பதில்தான், "அது கல்ச்சர் டிஃபரன்ஸ் மேடம், பொண்ணை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க". நானும் முதல்ல நம்பி அவகிட்ட அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணுன்னு சொன்னேன், அதை நினைச்சாதான் இப்பவும் வயிறு எரியுது. ராத்திரி சூடா சமைக்காம ரொட்டியும் சீஸும் வெச்சு சாப்பிடறது, ஞாயித்துக்கிழமை கடை மூடறது, பத்து மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுங்கறது, இதெல்லாம் அந்த ஊர் பழக்கம், பொண்ணு ஒரு வாரத்துல பழகிட்டா. ஃப்ரிட்ஜைப் பூட்டிட்டு காசு கேக்கறது எந்த ஊர் பழக்கமும் இல்ல.

இதைவிடப் பெரிய பிரச்சனை அட்ரஸ் பதிவு. ஜெர்மனியில ஒரு வீட்டுக்குக் குடி போனா ரெண்டு வாரத்துக்குள்ள அந்த ஊர் ஆபீஸ்ல போய் பதிவு பண்ணணும், அன்மெல்டுங்னு சொல்றாங்க. அதுக்கு வீடு குடுத்தவங்க கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர் வேணும். அந்த அம்மா போடவே மாட்டேன்னுட்டாங்க. அவங்களே வாடகை வீட்டுல இருக்காங்க, மூணு பிள்ளைங்களை வெச்சிருக்கறது வீட்டு ஓனருக்குத் தெரியாது. இவ விசாவோ மூணு மாசத்துக்குதான், அதுக்குள்ள ஃபாரினர் ஆபீஸ்ல ரெசிடென்ஸ் கார்டுக்கு அப்ளை பண்ணணும், அட்ரஸ் பதிவு இல்லாம அது நகராதுன்னுட்டாங்க. ஏஜென்ட் "பண்றோம் மேடம், பண்றோம்"னே ஏழு வாரம் ஓட்டினார்.

காப்பாத்தினது அவளோட கிளாஸ் டீச்சர்தான். கிளாஸ்ல தூங்கி விழறாளேன்னு கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க, இவ அழுதுட்டா. பத்தே நாள்ல கூடப் படிக்கற ஒரு பொண்ணு வீட்டுல இடம் கிடைச்சுது, அவங்களே கூட்டிட்டுப் போய் பதிவு பண்ணிக் குடுத்தாங்க, மிச்ச வருஷம் முழுக்க ஒரு யூரோ வாங்கல. உங்க பிள்ளைங்க அங்க இருந்தா 116 111 நம்பரை போன்ல சேவ் பண்ணிக் குடுங்க, பிள்ளைங்க பேசறதுக்குன்னே இருக்கற ஹெல்ப்லைன், ஃப்ரீ, பேர் சொல்ல வேண்டாம். எங்களுக்கு அது அப்ப தெரியல.

கடைசித் தவணை கட்டறதுக்கு முன்னாடி ஹோஸ்ட் ஃபேமிலி பேரு, அட்ரஸ், வீட்டுல எத்தனை பேரு, அட்ரஸ் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவாங்களா, ஃபேமிலி சரியில்லன்னா எத்தனை நாள்ல மாத்துவாங்க, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. அந்தக் குடும்பத்தோட நீங்களே பேசுங்க. தரமாட்டேன்னா கட்டாதீங்க.

ரீஃபண்ட் கேட்டா "சர்வீஸ் முடிஞ்சிடுச்சு"ன்னுட்டாங்க. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்தோம், சரிப்படல, இப்ப கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் நடக்குது. பேங்க்ல போட்ட எட்டு லட்சத்துக்கு ப்ரூஃப் இருக்கு. "ரசீது அப்புறம் தர்றோம்"னு சொல்லி கையில வாங்கின ஒன்றரை லட்சத்தைப் பத்தி கேட்டா, எந்தப் பணம் மேடம்னு கேக்கறார்.