வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?

ஊருக்கு வந்து மூன்றாவது இரவும் விழித்தபடியே கழிந்தது. பகல் முழுவதும் கண்கள் செருகுவதும், ஊர் அடங்கிய பிறகு உடம்பு விழித்துக்கொள்வதும் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். தூக்கத்துக்காக வழக்கமாக நான் எடுத்துக்கொள்ளும் மெலடோனின் புட்டியை அங்கேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். புட்டியின் படம் மட்டும் கைப்பேசியில் இருந்தது. நான்காம் நாள் காலை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

ஊர் மருந்துக்கடையின் பழைய நடைமுறையை நான் விவரிக்கத் தேவையில்லை. பெயரைச் சொன்னால் அட்டை கைக்கு வரும், காகிதத்தில் மடித்துத் தருவார்கள், பேச்சே இருக்காது. அந்த வேகத்தை எதிர்பார்த்துத்தான் நின்றேன். ஆனால் அன்று மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பெண் மருந்தாளுநர் படத்தைப் பெரிதாக்கி, லேபிளின் பின்பக்கத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. தூக்கமில்லாத தலைவலியோடு நிற்கிறவளிடம் இதென்ன விசாரணை என்றுதான் தோன்றியது. "தைராய்டுக்கு மட்டும்தான்மா, பதினோரு வருஷமாக" என்றேன். அவர் விடவில்லை. எத்தனை மைக்ரோகிராம், காலையிலா இரவிலா, தைராய்டு குறைவுக்குக் காரணம் ஹஷிமோட்டோ என்ற நோயா, முடிக்கோ எலும்புக்கோ வேறு ஏதாவது எடுக்கிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்னால் இரண்டு பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். இருபது நிமிடங்கள் அங்கே நின்றேன். இந்தப் பயணத்தில் மிகப் பயனுள்ள இருபது நிமிடங்கள் அவைதான்.

நான் சொன்ன பதில்களைக் கொண்டு அவர் கண்டுபிடித்தது இது. என் மருத்துவரின் யோசனைப்படி, ஒரு வருடமாக என் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை இரவில், கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து எடுத்து வருகிறேன். அதில் தவறில்லை, பலரும் அப்படி எடுக்கிறார்கள். ஆனால் தூக்கம் குறைகிறதே என்று சென்ற ஆண்டின் பிற்பகுதியில் மெலடோனின் கம்மியை, அதாவது மிட்டாய்போல் மெல்லும் வகையை, தொடங்கியபோது, அதையும் அதே நேரத்தில், அதே தண்ணீரோடு எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்மியில் மெலடோனின் மட்டும் இல்லை. மக்னீசியமும் கால்சியமும் பயோட்டின் என்ற வைட்டமினும் சேர்ந்திருந்தன. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த ஒரே சொல்லை நம்பி, நான் பின்பக்கத்தைப் படித்ததே இல்லை.

கால்சியம், இரும்பு, மக்னீசியம் போன்றவை குடலில் லெவோதைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கக்கூடியவை. அதனால்தான் அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்கிறார்கள். லெவோதைராக்சினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ ஏழு நாட்கள் என்பதால், ஓரிரு நாள் குளறுபடி உடம்பில் தெரியாது; மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான், தைராய்டு ஹார்மோன் குறையும்போது இரத்தத்தில் கூடும் டி.எஸ்.ஹெச். மெல்ல ஏறும். எனக்கு அப்படித்தான் ஏறியிருந்தது. சென்ற பரிசோதனையில் அளவு கூடியிருப்பதைப் பார்த்த மருத்துவர் 75 மைக்ரோகிராமை 88 ஆக்கினார். புதிதாக எதையாவது சேர்த்தீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கம்மியை மருந்தாகவே கருதாததால் நானும் சொல்லவில்லை. ஏற்றத்துக்குக் கம்மிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதை அந்தப் பெண்ணே சொன்னார். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. நான் வாழும் நாட்டில் மெலடோனின் மருந்தாகக் கணக்கில் வராது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உணவுத் துணைப்பொருள். பிரிட்டனில் மருத்துவரின் சீட்டோடு வாங்க வேண்டிய அதே ஹார்மோனை, நாங்கள் கடைக்கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிடலாம். லேபிளையும் முழுதாக நம்ப முடியாது. 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 25 வகை மெலடோனின் கம்மிகளைச் சோதித்தபோது, 22-இல் லேபிளில் உள்ள அளவு சரியாக இல்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. வசதியென்று நான் இத்தனை ஆண்டுகள் மெச்சிய அந்தச் சுதந்திரத்தில், நடுவில் ஒரு மனிதர் இல்லாததன் விலை எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் என்னைப் பயமுறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மெலடோனின் தனியாக இருந்தால் அது லெவோதைராக்சினைக் குடலில் தடுப்பதாகத் தெரியவில்லை என்றும், அது ஆளை மயக்கித் தூங்கவைக்கும் மாத்திரை அல்ல, இரவு வந்துவிட்டது என்று உடம்பின் கடிகாரத்துக்குச் சொல்லும் செய்தி என்றும் விளக்கினார். பயணத்தால் வரும் தூக்கக் குழப்பத்துக்கு 0.5 மில்லிகிராம் முதல் 5 மில்லிகிராம் வரை ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுவதால், 10 மில்லிகிராம் தேவையே இல்லை என்று சொல்லி, வேறெதுவும் கலக்காத மாத்திரையில் தம்மிடம் இருந்த மிகக் குறைந்த அளவை எடுத்து வைத்தார். ஆனால் உடனே என் கையில் தரவில்லை. ஹஷிமோட்டோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். மெலடோனின் அந்த எதிர்ப்புச் சக்தியோடும் தொடர்புள்ளது. ஐரோப்பாவில் மருந்தாக விற்கப்படும் மெலடோனினின் குறிப்பேடு, போதிய ஆய்வு இல்லாததால் இத்தகைய நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. "உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க, அம்மா. மாத்திரை இங்கேதான் இருக்கும்" என்றார்.

பயோட்டினைப் பற்றி அவர் சொன்னதும் எனக்குப் புதிது. அது தைராய்டைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைக் கெடுக்கிறது. சில ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும், டி4 என்ற தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டி, இல்லாத மிகைத் தைராய்டை இருப்பதுபோல் தோன்றவைக்கும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது அதை நிறுத்திவிட வேண்டுமாம்.

அன்றிரவே என் மருத்துவருக்கு எழுதினேன். கம்மியை நிறுத்தவும், 88 மைக்ரோகிராமைத் தொடரவும், ஆறு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்கவும் சொன்னார். தடை நீங்கிய பிறகு அந்த 88 எனக்கு அதிகமாகிவிடலாம். அப்படி ஆனால் படபடப்பும் தூக்கமின்மையும்தான் முதலில் வரும், எனவே அவற்றைக் கவனிக்கவும் சொன்னார். பயணக் குழப்பம் தீரும்வரை நான்கைந்து இரவுகளுக்கு, கலப்பில்லாத மெலடோனினை எடுக்கவும் அனுமதித்தார்.

மறுநாள் காலை அந்தக் கடைக்கு மகிழ்ச்சியோடு போனேன். மேசையில் வேறொருவர் இருந்தார். மெலடோனின் என்று சொல்லி முடிப்பதற்குள் 10 மில்லிகிராம் அட்டை ஒன்றை என் முன் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். பழைய ஊர், பழைய வேகம். அட்டையை அவர் பக்கமே நகர்த்திவிட்டு, அந்தப் பெண் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டேன். மாலை ஐந்து மணிக்கு என்றார். ஐந்து மணிக்கே திரும்பிப் போனேன்.