ஒரே முடி, இரண்டு நாடு: ஹனோவரும் இலங்கையும்

கல்லடியில் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் 1957ஆம் ஆண்டு இரண்டு சதக் குற்றி ஒன்று கிடக்கிறது. அலையலையான ஓரம், நடுவில் எலிசபெத். வெள்ளைக்காரன் போன பிறகும் ராணியா? ராணிதான், ஆனால் இலங்கையின் ராணி. 1948இலிருந்து பிரிட்டனுக்கும் நமக்கும் முடி ஒன்று, அரசாங்கம் வேறு. ராணிக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டவர் கொழும்பிலிருந்த மகாதேசாதிபதி. 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது, சரி, முடிந்தது.

ஜேர்மனியில் இருந்த ஹனோவர் என்ற நாட்டுக்கு அப்படியில்லை. 1714இல் அதன் ஆட்சியாளர் ஜோர்ஜுக்குப் பிரிட்டிஷ் முடி வாரிசுரிமையாகக் கிடைத்தது. 1837இல் விக்டோரியா அரியணை ஏறியதும் பிணைப்பு அறுந்தது. ஆண் வாரிசு இருக்கையில் பெண்ணுக்கு அங்கே ஆட்சி இல்லையாம். ஹனோவர் விக்டோரியாவின் சித்தப்பாவிடம் போனது. எனக்கு நம் ஏற்பாடே மேல், பிறப்பு இறப்பைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. மகளுக்கே வீட்டைக் கொடுக்கும் மட்டக்களப்பு அம்மம்மாவோ ஹனோவர் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தா.