லாங்கோலனா, டிவைசஸா? நாரோபோட்டில் எந்த ஊருக்குப் போகலாம்

பிரிட்டனின் பழைய கால்வாய் ஊர் ஒன்றுக்குப் படகிலேயே போய் இறங்க வேண்டும் என்றால், என் கணக்கில் போட்டி இரண்டு ஊர்களுக்குத்தான்: வேல்ஸின் லாங்கோலன், இங்கிலாந்தின் டிவைசஸ். படகு இரண்டுக்கும் ஒன்றே: நாரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகு. சுமார் 2.1 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட நடை வேகம். வாடகைக்கு எடுக்க உரிமம் தேவையில்லை.

லாங்கோலன் போகிறவர்கள் சிர்க்கில் ஏறுங்கள். ட்ரெவரில் ஏறினால் பொன்ட்கசுத்தே நீர்ப்பாலம் வழியில் வராது. அதைத் தவறவிட்டால் இந்தப் பயணத்துக்கே உயிர் இல்லை. பொறியாளர்கள் டெல்ஃபோர்டும் ஜெசப்பும் 1805-இல் முடித்த பாலம் அது. டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. அதில்தான் படகு போகிறது. நடைபாதை இருக்கும் பக்கம் கம்பித் தடுப்பு உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அதற்கப்புறம் கீழே மரங்களின் உச்சிதான். சிறு குழந்தைகளை உள்ளேயே உட்கார வையுங்கள்.

அதற்குப் பிறகு எதிர்நீரோட்டம். டீ ஆற்றுத் தண்ணீர் இந்தக் கால்வாய் வழியாகவே இறங்குவதால் படகு முக்கி முக்கித்தான் ஏறும். ஊர் நெருங்கும்போது ஒரே படகு போகும் அளவுக்குக் கால்வாய் குறுகிவிடும். யாராவது ஒருவர் முன்னால் நடந்து போய், எதிரே படகு வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சிர்க்கிலிருந்து ஊர் வரை ஒரு லாக்கூட, அதாவது தண்ணீரை நிறைத்தும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த அறைகூட, இல்லை.

டிவைசஸில் லாக்தான் எல்லாமே. கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் பாத் நகரத்துப் பக்கமிருந்து வந்தால் 29 லாக் ஏறி, 72 மீட்டர் உயர்ந்துதான் ஊரைத் தொடலாம். நடுவில் கேன் ஹில்லில் 16 லாக், மலைச்சரிவில் நேர்க்கோட்டில் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொன்றிலும் கைப்பிடியால் மதகைத் திறந்து, தண்ணீர் நிறையும்வரை காத்திருந்து, கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இரு பக்கமும் தண்ணீர் சமமாகும் வரை என்ன தள்ளினாலும் அசையாது. சமமானதும் மெல்ல நகரும். ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், காலையிலேயே தொடங்கிவிடுங்கள். அகலமான லாக் என்பதால் இரண்டு நாரோபோட்கள் சேர்ந்து ஏறலாம், வேலையும் பாதியாகும். மேலே படகுத்துறையிலேயே கால்வாய் அருங்காட்சியகம்.

இருவர் மட்டும் போகிறீர்களா, அல்லது முதல் பயணமா? லாங்கோலன்தான். திடமான நான்கு பேர் இருந்தால் நான் டிவைசஸ் என்றே சொல்வேன். தோள் வலிக்க அந்தக் கடைசிக் கதவைத் தள்ளித் திறந்து ஊருக்குள் நுழையும் சந்தோஷம் லாங்கோலனில் கிடைக்காது.