எல்எஃப்பியா, என்எம்சியா? மின்கார் வாங்குமுன் பேட்டரியைப் பற்றி ஓர் அலசல்

மின்கார் பார்க்க ஷோரூமுக்குப் போனால் ரேஞ்ச் எவ்வளவு, சன்ரூஃப் உண்டா, திரை எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் சொல்வார்கள். பேட்டரி எந்த வகை என்று கேட்டால் மட்டும் "லித்தியம் அயன் சார்" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பதில் போதாது. லித்தியம் அயனுக்குள் இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. தினமும் எத்தனை சதவீதம் வரை சார்ஜ் போடலாம், கோளாறு வந்தால் எவ்வளவு ஆபத்து, பழசான பேட்டரியை யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் இந்தக் குடும்பத்தைப் பொறுத்து மாறும்.

ஒன்று எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 2020 ஜனவரியில் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்காரில் இருந்தது இதுதான்: 30.2 கிலோவாட் அவர், நம் கரண்ட் பில் கணக்கில் 30.2 யூனிட். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டிலும் இருக்கும் பிளேடு செல்களும் (சீன நிறுவனமான பிஒய்டி செய்யும், நீண்ட தகடு போன்ற செல்கள்; பல செல்கள் சேர்ந்ததுதான் ஒரு பேட்டரி) எல்எஃப்பிதான். இன்னொன்று என்எம்சி. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சேர்ந்தது. 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் கோனா, பிறகு வந்த ஐயோனிக் 5, கியா ஈவி6 எல்லாம் இந்தப் பக்கம்.

ரேஞ்ச் விஷயத்தில் என்எம்சிக்குத்தான் வெற்றி, அதில் விவாதமே இல்லை. ஒரு கிலோ எல்எஃப்பி செல்லில் சுமார் 160 முதல் 180 வாட் அவர் அடங்கும் என்றால், என்எம்சியில் 230 முதல் 270 வரை அடங்கும். பிளேடு மாதிரியான வடிவமைப்புகள் நடுவில் இருக்கும் பெட்டிகளை எடுத்துவிட்டுச் செல்களை நேரடியாக அடுக்குவதால் இந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடுங்குளிரில் எல்எஃப்பி மந்தமாகிவிடும் என்பது நார்வேக்காரர்களுக்குப் பெரிய கவலை. நமக்கு ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் வண்டி எடுத்தால் யோசிக்கலாம், அவ்வளவுதான்.

தீ

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

என்எம்சியின் நேர்முனை ஒரு ஆக்சைடு. அளவுக்கு மீறிச் சூடானால் அது தனக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தானே வெளியேற்றும். வெளிக்காற்றைத் தடுத்துத் தீயை அடக்கும் வழி அதனிடம் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்எஃப்பியில் ஆக்சிஜன், பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, எளிதில் விடாது. பொதுவாக என்எம்சியில் 200 டிகிரியை ஒட்டிக் கட்டுமீறும் வெப்ப வினை (செல் தன்னைத்தானே மேலும் மேலும் சூடாக்கிக்கொள்வது), எல்எஃப்பியில் 250-ஐத் தாண்டிய பிறகே கட்டுமீறும். அப்போது எட்டும் உச்ச வெப்பமும் குறைவு.

அதற்காக எல்எஃப்பி பற்றவே பற்றாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கெட்டுப்போன எல்எஃப்பி செல் கக்கும் புகையில் ஹைட்ரஜன் அதிகம். உடனே பற்றாமல் மூடிய இடத்தில் அந்த வாயு சேர்ந்தால் வெடிக்கும். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் எல்எஃப்பி பேட்டரிகள் வைத்திருந்த மின்சேமிப்பு நிலையம் ஒன்று வெடித்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

இன்னொரு பக்கம், என்எம்சி கார்களில் நடந்த பெரிய தீச்சம்பவங்களின் வேரைத் தேடிப்போனால் பல நேரம் தொழிற்சாலைக்குத்தான் போய்ச் சேருகிறோம். கோனாவிலும் செவ்ரோலே போல்ட்டிலும் சிக்கல் செல் தயாரிப்பில் இருந்தது: மடங்கிய முனைத்தகடு, கிழிந்த முனைத்தகடு, இரு முனைகளும் தொடாமல் தடுக்கும் பிரிப்புத்தாள் மடிந்தது என்று. 2021-இல் ஹூண்டாய் உலகம் முழுக்கச் சுமார் 82,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், இந்தியாவில் 456 கோனாக்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் அதுவரை விற்ற போல்ட் அத்தனையையும், சுமார் 1,42,000 வண்டிகளை, அழைத்தது. பழுது பார்க்கும் வரை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், இரவில் வீட்டுக்குள் சார்ஜில் விடாதீர்கள் என்று போல்ட் உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். 90 என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள். முழுசாக நிரம்பிய செல்லில் உள்ளே ஒரு ஷார்ட் நடந்தால் வெளிவரும் சக்தியும் அதிகம், குறை நிரப்பில் குறைவு. சார்ஜ் பழக்கம் பேட்டரியின் ஆயுளோடு நிற்பதில்லை, பாதுகாப்பையும் தொடுகிறது.

2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோனில் ஒரு குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங்கில் மெர்சிடிஸ் மின்கார் ஒன்று எரிந்தது. சார்ஜில் இல்லை, சும்மா நின்ற வண்டி. அக்கம்பக்கத்தில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் கருகியும் புகையேறியும் நாசமாயின. தீ அந்த அளவுக்குப் பரவக் காரணம், அங்கிருந்த தண்ணீர்த் தெளிப்பான் அமைப்பை ஊழியர் ஒருவர் நிறுத்திவிட்டதுதான். நம் அடுக்குமாடிச் சங்கங்களில் மின்காரை நிலத்தடியில் விடலாமா என்று சண்டை நடக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். தடை போடுவதற்கு முன் உங்கள் கட்டடத்தில் தெளிப்பான் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொரியாவில் விற்கும் கார் நிறுவனங்கள் எந்த மாடலில் யாருடைய செல் என்று வெளியிடத் தொடங்கின. நாம் இன்னும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சார்ஜ் போடும் பழக்கம்

என்எம்சிக்கான விதி எளிது. தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்துங்கள், ஊருக்குக் கிளம்பும் அன்று மட்டும் 100 போடுங்கள். ஃபுல் சார்ஜை ஒட்டிய உயர் மின்னழுத்தத்தில் நீண்ட நேரம் நின்றால் அதன் ஆயுள் குறையும்.

எல்எஃப்பி விஷயத்தில்தான் குழப்பம். டெஸ்லா தன் எல்எஃப்பி கார்களுக்கு வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் போடச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு "எல்எஃப்பியை எப்போதும் ஃபுல்லாகவே வைக்கலாம், ஒன்றும் ஆகாது" என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. வாரம் ஒரு ஃபுல் சார்ஜ் எதற்கு என்றால், அளவுமானி சரியாகக் காட்டுவதற்கு. சமையல் கேஸ் தீரும் வரை அடுப்பு ஒரே சீராக எரிவதுபோல, எல்எஃப்பியின் மின்னழுத்தமும் பெரும்பகுதி நேரம் மாறாமல் நிற்கும். எவ்வளவு மீதி என்பதை அதை வைத்துக் கணிக்க முடியாமல் கார் தடுமாறும். ஒருமுறை ஃபுல் ஆனால் கணக்கு நேராகிவிடும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு, எல்எஃப்பி செல்களும் எப்போதும் அதிக சார்ஜ் அளவிலேயே ஏறி இறங்கினால் வேகமாகத் தேய்கின்றன என்று காட்டியது. வெப்பம் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஆகவே நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வாரத்தில் ஒருநாள், மறுநாள் காலை ஓட்டப் போகிறோம் என்று தெரிந்த இரவில், 100 போடுங்கள். மற்ற நாட்களில் 70, 80 போதும். மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ ஃபுல் சார்ஜோடு திறந்த வெயிலில் காரை நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் ஊரில் இருக்க மாட்டோம் என்றால் ஐம்பதை ஒட்டி விட்டுவிட்டுப் போகலாம். இது இரண்டு வகைக்கும் பொருந்தும். வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் ஓடிய ஆரம்பகால நிசான் லீஃப் கார்களே சாட்சி. பேட்டரிக்குக் குளிரூட்டும் அமைப்பு இல்லாததால் ஓரிரு ஆண்டிலேயே பல கார்களில் கொள்ளளவு சரிந்தது. நம் ஊர் வெயிலுக்கு, திரவக் குளிர்ச்சி உள்ள பேட்டரியா என்பது எல்எஃப்பியா என்எம்சியா என்ற கேள்விக்கு இணையான கேள்வி.

வேக சார்ஜர் நெடுஞ்சாலைக்கு. அதையே தினசரிப் பழக்கமாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

வீட்டில் 15 ஆம்ப் பிளக் போதும் பலருக்கு. மணிக்கு 3 யூனிட் போல ஏறும், இரவு எட்டிலிருந்து காலை ஆறுக்குள் 30 யூனிட் வந்துவிடும். ஆனால் மீட்டரிலிருந்து தனி லைன், முறையான எர்த், கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றும் வேண்டும். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உருகுவது பிளக்காக இருக்கும்போது உள்ளே எந்த செல் இருந்தால் என்ன?

மண்ணுக்கு எது நல்லது?

தோண்டும் இடத்தில் பார்த்தால் எல்எஃப்பி முன்னால் நிற்கிறது. உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கோல்வேசி நகரத்துப் பக்கம் கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை பதிவாகியிருக்கிறது. நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து. காட்டை அழித்து, நிலக்கரி மின்சாரத்தில் உருக்குகிறார்கள். எல்எஃப்பிக்கு இரண்டுமே வேண்டாம்.

கழிக்கும் இடத்தில் நிலைமை தலைகீழ். என்எம்சியை உடைத்தால் நிக்கலும் கோபால்ட்டும் கிடைக்கும் என்பதால் மறுசுழற்சிக்காரர் காசு கொடுத்து வாங்குவார். எல்எஃப்பியில் விலைபோவது பெரும்பாலும் லித்தியம் மட்டும்தான். இந்தியாவின் 2022 பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்து, 2026-27 முதல் 90 சதவீதப் பொருளை மீட்க வேண்டும் என்கின்றன. லாபமில்லாத எல்எஃப்பிக்கு இந்தச் சட்டக் கட்டாயம் மிகவும் தேவை. அதற்கு ஈடாக எல்எஃப்பியை அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். காருக்கு உதவாமல் போன பிறகும் வீட்டு சோலாரைச் சேமிக்க ஓடும்.

என் கட்சி எது என்று கேட்டால், வீட்டில் சார்ஜ் போடும் வசதி உள்ள, நகரத்துக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு எல்எஃப்பி. வாரா வாரம் சென்னையிலிருந்து மதுரைக்கு ஓடுபவர் என்எம்சியின் ரேஞ்சுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. அவர் 80 சதவீத விதியை மட்டும் மறக்காமல் இருந்தால் சரி.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். என்எம்சி கார் என்றால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதாவது இருந்ததா, வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்கள். எல்எஃப்பி கார் என்றால் டாஷ்போர்டு காட்டும் சதவீதத்தை நம்பி விலை பேசாதீர்கள். ஒருமுறை 100 வரை ஏற்றி, நிஜமாகவே எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.