கேன்சர் பில்லை யார் கட்டுவது? மெடிக்கல் எய்ட், கேப் கவர், ட்ரெட் டிசீஸ், அரசு ஆஸ்பத்திரி: டர்பன் குடும்பங்களுக்கு ஓர் அலசல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த ஏஜென்டிடமும் "கேன்சர் வந்தா இது கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மெடிக்கல் எய்ட் விற்பவர் கட்டும் என்பார். கேப் கவர் விற்பவரும் கட்டும் என்பார். ட்ரெட் டிசீஸ் பாலிசிக்காரரும், மாதம் சில நூறு ராண்டுக்கு ஹாஸ்பிடல் கேஷ் பிளான் கொண்டு வருகிறவரும் அதையேதான் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மெடிக்கல் எய்ட் ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் கட்டுகிறது. அது கட்டியது போக டாக்டர் பில்லில் நிற்கும் மிச்சத்தைக் கேப் கவர் கட்டுகிறது. ட்ரெட் டிசீஸ், நோய் உறுதியானதும் உங்கள் கையில் மொத்தமாக ஒரு தொகை தருகிறது. கேஷ் பிளான், ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்குக் காசு தருகிறது. நாலும் நாலு வேலை. மாதக் கட்டணத்தை மட்டும் வைத்து நாலையும் ஒப்பிடும்போதுதான் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற டர்பன் பகுதிகளின் வீடுகளில் பணம் தப்பான இடத்துக்குப் போகிறது.

முதலில் பில் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இதுதான் பெரிய குழப்பம். அங்கே பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒரே பில்லில் அடங்கிவிடும். இங்கே தனியார் ஆஸ்பத்திரிகள் டாக்டர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள மருத்துவர்களுக்கான கவுன்சிலின் விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. அதனால் சர்ஜன் தனி பில், அனஸ்தெடிஸ்ட் தனி பில், ரத்தப் பரிசோதனை லேப் தனி, ஸ்கேன் எடுத்த ரேடியாலஜிஸ்ட் தனி, புற்றுநோய் டாக்டரான ஆன்காலஜிஸ்ட் தனி, ஆஸ்பத்திரி கட்டில் வாடகை தனி. எல்லோருக்கும் பொருந்தும் கட்டண அட்டவணையும் கிடையாது. அரசு வெளியிட்டு வந்த ஒப்புநோக்கு விலைப்பட்டியலை 2010-இல் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அதற்குப் பிறகு டாக்டர் தன் கட்டணத்தைத் தானே வைக்கிறார், ஒவ்வொரு மெடிக்கல் எய்ட் ஸ்கீமும் தன் "ஸ்கீம் ரேட்"டைத் தானே வைக்கிறது. "100 சதவீதம் கட்டுவோம்" என்று பிரசுரத்தில் இருந்தால், அது ஸ்கீம் ரேட்டில் 100 சதவீதம். டாக்டரின் பில்லில் அல்ல.

மெடிக்கல் எய்ட்: வரம்பைப் பார்க்காதீர்கள், பிஎம்பியைப் பாருங்கள்

ப்ரோக்கர்கள் காட்டும் அட்டவணையில் "ஆன்காலஜி: இத்தனை லட்சம் ராண்ட்" என்று ஒரு வரி இருக்கும். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். என் கணக்கில் அது இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய வரி.

முதலில் பார்க்க வேண்டியது பிஎம்பி என்று எல்லோரும் சொல்லும் குறைந்தபட்சப் பயன்கள். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டமும் அதன் விதிகளும், குறிப்பிட்ட நோய்களுக்கான சோதனை, சிகிச்சை, பராமரிப்புச் செலவை எந்த ஸ்கீமும், அதன் எவ்வளவு மலிவான ஆப்ஷனும் (பிளானும்), முழுசாகக் கட்டியாக வேண்டும் என்கின்றன. ஸ்கீமில் உங்கள் பேரில் இருக்கும் சேவிங்ஸ் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டவும் கூடாது. உறுப்புகளில் கட்டியாக வரும் புற்றுநோய் "சிகிச்சைக்கு உட்பட்டது" என்றால் இதற்குள் வரும். எது உட்பட்டது என்பதற்கும் விதி இருக்கிறது: தொடங்கிய உறுப்பிலேயே நோய் நிற்க வேண்டும், தொலைவுக்குப் பரவியிருக்கக் கூடாது, அந்த உறுப்போ உயிர் காக்கும் வேறு உறுப்போ மீட்க முடியாதபடி கெட்டிருக்கக் கூடாது. இவை பொருந்தாவிட்டாலும், குறிப்பிட்ட சிகிச்சையால் ஐந்து ஆண்டு பிழைப்போர் 10 சதவீதத்துக்கு மேல் என்று நிரூபணம் இருந்தால் போதும். இந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதே இல்லை. "பரவிடுச்சு, இனி பிஎம்பி இல்லை" என்று போனில் ஒருவர் சொன்னதும் குடும்பம் அடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் ஆன்காலஜிஸ்டிடம் போய், இந்தச் சிகிச்சைக்கு ஐந்தாண்டுக் கணக்கு என்ன என்று கடிதமாக வாங்கி அனுப்ப வேண்டும். இனிக் குணமாக்க வழியில்லை என்ற நிலையிலும் வலி தணிப்பும் கடைசிக் காலப் பராமரிப்பும் பிஎம்பியில் தனி இனமாக இருக்கின்றன.

பில் பிஎம்பி கணக்கில் ஏறுமா என்பதை முடிவு செய்வது பில்லில் இருக்கும், எந்த நோய் என்று சொல்லும் ஐசிடி-10 குறியீடு. மார்பகப் புற்றுநோய்க்கு சி50-இல் தொடங்கும். கீமோ கொடுக்கும் நாளுக்கு இசட்51.1 என்று வரும், கூடவே அந்த சி குறியீடும் இருக்க வேண்டும். லேப் பில்லில் வெறும் "கட்டி, சோதனைக்கு" என்ற குறியீடு விழுந்தால் கம்ப்யூட்டர் அதைச் சாதாரணச் செலவாக எடுத்துக்கொண்டு சேவிங்ஸில் கை வைத்துவிடும். பயாப்ஸியில் நோய் உறுதியானால், அதற்கு முன் எடுத்த ஸ்கேனும் பயாப்ஸியும்கூட பிஎம்பிதான். பழைய பில்களைச் சரியான குறியீட்டோடு மறுபடி போடச் சொல்லிக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். தானாக யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்கீம் தனக்கென்று டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் வைத்திருக்கும். புற்றுநோய்க்குப் பல ஸ்கீம்கள் ஐகான் என்ற ஆன்காலஜிஸ்டுகள் கூட்டமைப்பைப் பயன்படுத்துகின்றன. அவர்களிடம் போனால் முழுக் கட்டணமும் ஸ்கீம் தலையில். "எங்க அத்தைக்குப் பார்த்த டாக்டர்தான் வேணும்" என்று நீங்களாக வெளியே போனால் மிச்சம் உங்கள் தலையில். எண்களில் பார்த்தால் (கணக்குப் புரிவதற்காக நான் வைத்த எண்கள்): ஸ்கீம் ரேட் 10,000 ராண்ட், சர்ஜன் 300 சதவீதம் போடுபவர், பில் 30,000. ஸ்கீமின் ஆளாக இருந்தால் நீங்கள் கட்டுவது பூஜ்யம். நீங்களே தேடிப் போனவர் என்றால் 20,000 வரை உங்கள் பொறுப்பு.

நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் வெளியாளிடம் போக நேர்ந்தால் கதை வேறு. ஸ்கீமின் ஆள் நியாயமான தூரத்தில் இல்லை, அல்லது அவரிடம் போனால் அளவுக்கு மீறித் தாமதமாகும் என்றால், வெளியாளிடம் போனதற்கும் ஸ்கீம் முழுசாகக் கட்ட வேண்டும். டர்பனுக்கு வெளியே ஸ்டாங்கர் பக்கம் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். அனஸ்தெடிஸ்டை யாருமே தேர்ந்தெடுப்பதில்லை, ஆபரேஷன் அன்றைக்குத்தான் முகமே தெரியும். அந்தப் பில்லில் மிச்சம் வந்தால் இதே வாதத்தை எழுதி அனுப்புங்கள்.

ஆக, மெடிக்கல் எய்டின் மலிவான ஹாஸ்பிடல் பிளானுக்கும் (கேஷ் பிளான் வேறு) விலை கூடிய காம்ப்ரிஹென்ஸிவ் ஆப்ஷனுக்கும் புற்றுநோயில் வித்தியாசம் எங்கே? பிஎம்பிக்கு வெளியேதான். புதிய பயாலஜிக்கல் மருந்துகள், ஸ்கீமின் பட்டியலில் இல்லாத சிகிச்சை முறைகள், விருப்பப்பட்ட டாக்டர். ஆன்காலஜி வரம்பைத் தாண்டியதும் பிஎம்பி அல்லாத செலவில் 20 சதவீதத்தை உறுப்பினரே கட்ட வேண்டும் என்பது பல ஆப்ஷன்களில் இருக்கும் விதி. மருந்தின் விலை பெரிதென்றால் அந்த 20-உம் பெரிது. ஹெர்2 வகை மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தை ஸ்கீம் மறுத்ததால் கிடைக்காமலே போராடிய டோபேகா டாகி 2016 நவம்பரில் இறந்தார். மருந்துக் காப்புரிமைச் சட்டத்தை மாற்றச் சொல்லி நடந்த போராட்டத்தின் முகமாக இருந்தவர் அவர். ஸ்கீமின் பட்டியலில் உள்ள மருந்து உங்களுக்குப் பலன் தரவில்லை அல்லது தீங்கு செய்தது என்றால், மாற்று மருந்துக்குக் கோ-பேமென்ட் (உறுப்பினர் கையிலிருந்து கட்டும் பங்கு) இல்லாமல் ஸ்கீம் கட்ட வேண்டும் என்று விதி 15 சொல்கிறது. இதற்கும் டாக்டர் கடிதம்தான் ஆயுதம்.

ஸ்கீம் மறுத்தால் முதலில் ஸ்கீமுக்கே எழுத்தில் புகார். அங்கே நடக்காவிட்டால், ஸ்கீம்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, பதில் சொல்ல ஸ்கீமுக்கு 30 நாள். பில்லை ஸ்கீமிடம் சேர்ப்பதற்கும் கெடு உண்டு: சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின் நாலாவது மாதக் கடைசி நாள். டாக்டர் ஆபீஸ் அனுப்பியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேப் கவர்

மெடிக்கல் எய்ட் இல்லாதவருக்கு இது கிடையாது. மேலே சொன்ன 20,000 ராண்ட் மிச்சம் மாதிரியானதையும், சில பாலிசிகளில் அந்த 20 சதவீதக் கோ-பேமென்டையும் இது கட்டும். ஸ்கீம் ஒரு பில்லை அடியோடு மறுத்திருந்தால் பெரும்பாலும் கேப்பும் கை விரித்துவிடும், ஏனென்றால் நிரப்ப இடைவெளியே இல்லை. 2017-இல் வந்த விதிகள் ஆளுக்கு ஆண்டுக்கு 1,50,000 ராண்ட் என்று உச்சவரம்பு வைத்தன, விலைவாசியோடு அது ஏறி வருகிறது. ஏற்கெனவே நோய் தெரிந்து சேர்ந்தால் அந்த நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம்.

கட்டணத்தையும் பலனையும் வைத்துப் பார்த்தால் நான் முதலில் சிபாரிசு செய்யும் கூடுதல் பாலிசி இதுதான். காம்ப்ரிஹென்ஸிவ் ஆப்ஷனுக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கட்டுவதைவிட, நடுத்தர ஆப்ஷனும் கேப் கவரும் சேர்ந்தது பல குடும்பங்களுக்குப் போதும். ஒரு பாலிசியை வாங்குமுன் "புற்றுநோய்க் கோ-பேமென்ட் இதில் உண்டா, ஆண்டுக்கு எவ்வளவு?" என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். எல்லாக் கேப்பும் அதைக் கட்டுவதில்லை.

ஹாஸ்பிடல் கேஷ் பிளான்

புற்றுநோய்க்கு இதை நம்பாதீர்கள். கீமோவும் ரேடியேஷனும் பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்பும் சிகிச்சை. படுத்தால்தானே காசு? 2017-இன் அதே விதிகள் இதற்கும் நாளுக்கு 3,000 ராண்ட், இல்லாவிட்டால் ஆண்டுக்கு மொத்தம் 20,000 என்று உச்சம் வைத்துத் தொடங்கின.

ட்ரெட் டிசீஸ்

இது ஆஸ்பத்திரி பில்லுக்கான பாலிசியே அல்ல. வீட்டுக் கடன், கார் தவணை, வேலைக்குப் போக முடியாத மாதங்கள், பிள்ளையின் யூனிவர்சிட்டிக் கட்டணம் இவற்றுக்கானது. சொந்தத் தொழில் செய்பவருக்கு, சிக் லீவ் என்ற பேச்சே இல்லாதவருக்கு, கேப் கவரைவிட இது அவசியம். காப்பீட்டு நிறுவனங்கள் புற்றுநோய் உள்ளிட்ட நாலு நோய்களுக்கு ஏ (மிகத் தீவிரம்) முதல் டி (தீவிரம் குறைந்தது) வரை பொதுவான நிலைகளை வைத்திருக்கின்றன. பாலிசியைப் பொறுத்து, ஆரம்ப நிலைக்கு முழுத் தொகையில் ஒரு பங்குதான் வரும். பாலிசி எடுக்கும்போது "டி நிலைக்கு எத்தனை சதவீதம்? பரவாத இன்-சிட்டு நிலைக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டால், ஏஜென்ட் பாலிசியைப் படித்தவரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரி

இதை "வேறு வழியில்லாதவர்களுக்கு" என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் தொடங்கி, அங்கிருந்து ரெஃபரல் கடிதத்தோடு கடற்கரையில் இருக்கும் அடிங்டனுக்கோ கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலிக்கோ போகிறார்கள். லுத்துலிக்குக் கடிதம் இல்லாமல் நேரே போய் நிற்க முடியாது. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது: அரசு முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இலவசம், குறைந்த வருமானக்காரருக்குச் சிறு தொகை, அதற்கு மேல் படிப்படியாக. மெடிக்கல் எய்ட் உள்ளவர் அங்கே போனால் முழுக் கட்டண நோயாளியாகப் பதிவார்கள், பில் ஸ்கீமுக்குப் போகும்.

மருத்துவத் தரத்தில் அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். சிக்கல் வரிசை. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேடியேஷன் மெஷின்கள் ஓடாமலும் ஆன்காலஜிஸ்டுகள் இல்லாமலும் நோயாளிகள் காத்திருந்ததை விசாரித்த தென்னாப்பிரிக்க மனித உரிமைகள் ஆணையம், அடிங்டன், லுத்துலி நோயாளிகளின் உரிமை மீறப்பட்டதாக 2017-இல் அறிக்கை கொடுத்தது. கௌட்டெங் மாகாணத்தில் ரேடியேஷனுக்குக் காத்திருப்போர் வரிசையைத் தீர்க்க 2023-இல் ஒதுக்கிய பணம் நோயாளியைச் சேராமல் இருந்ததால், கேன்சர் அலையன்ஸ் என்ற அமைப்பு வழக்குப் போட்டு 2025-இல் வென்றது. எல்லோருடைய சிகிச்சைச் செலவையும் அரசு நிதியே கட்டும் நோக்கமுள்ள தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் 2024 மே மாதம் அதிபர் கையெழுத்திட்டார். அதை நம்பி இன்றைக்கு மெடிக்கல் எய்டை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

யாருக்கு எது

அரசு வேலையில் இருப்பவர் ஜெம்ஸ் ஸ்கீமில் ஒரு நல்ல ஆப்ஷனும் கேப்பும் வைத்தால் போதும். கடை, கேட்டரிங், கார்மென்ட் என்று சொந்தத் தொழில் என்றால் ஹாஸ்பிடல் பிளானும் ட்ரெட் டிசீஸும், கையில் மிஞ்சினால் கேப். கேஷ் பிளான் கட்டிக்கொண்டிருப்பவர் அந்தப் பணத்தை நிறுத்தி, மெடிக்கல் எய்டின் ஆகக் குறைந்த ஆப்ஷனுக்கு எட்டுமா என்று பார்க்கலாம். எட்டாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் உங்கள் பேரில் ஒரு ஃபைலை இன்றே திறந்து, மாமோகிராம் போன்ற சோதனைகளைத் தள்ளிப் போடாமல் செய்வது மேல்.

தமிழ்நாட்டிலிருந்து நடுவயதில் வந்து குடியேறியவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 35 வயதுக்குப் பிறகு, எந்த நாட்டில் இருந்திருந்தாலும், தென்னாப்பிரிக்க மெடிக்கல் எய்ட் இல்லாமல் இருந்த ஒவ்வோர் ஆண்டும் எண்ணப்படும். 4 ஆண்டு வரை மாதக் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல், 5 முதல் 14 வரை 25, 15 முதல் 24 வரை 50, 25-உம் அதற்கு மேலும் 75. 42 வயதில் வந்து சேர்ந்தால் 7 ஆண்டு, ஆகவே 25 சதவீதம், கடைசி வரை. அம்மா அப்பாவை 60 வயதில் டிபென்டென்டாகச் சேர்த்தால் 75. இதுவரை எந்த ஸ்கீமிலும் இல்லாதவர் நோய் தெரிந்த பிறகு சேர்ந்தால் அந்த நோய்க்கு 12 மாதம் எதுவும் கட்டாமல் இருக்க ஸ்கீமுக்கு உரிமை உண்டு, பிஎம்பி உட்பட. வேலை மாறி ஒரு ஸ்கீமிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் 90 நாளுக்குள் சேர்ந்துவிட்டால் பிஎம்பிக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. பழைய ஸ்கீமிலிருந்து மெம்பர்ஷிப் சர்ட்டிபிகேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.