குச்சியா, கூம்பா? கண்ணுக்குள் ஒரு போட்டி

விழித்திரையில் ஒளியை உணர்ந்து பார்வை தரும் செல்கள் முக்கியமாக இரண்டு வகை: குச்சி, கூம்பு. எண்ணிக்கையில் குச்சிதான் முன்னே. ஒரு கண்ணில் குச்சிகள் சுமார் 12 கோடி, கூம்புகள் ஏறக்குறைய 60 லட்சம். ஆனால் இந்த வரியை நீங்கள் படிப்பது கூம்புகளின் தயவில்தான்.

விழித்திரையின் நடுக்குழியில் கூம்புகள் மட்டுமே நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே கிட்டத்தட்ட ஒரு கூம்புக்கு ஒரு தனி நரம்பு வழி. அதனால்தான் சின்ன எழுத்திலும் ண, ன பிரித்துத் தெரிகிறது. மூன்று ரகக் கூம்புகள் இருப்பதால் நிறமும் தெரிகிறது. குச்சிகளிடம் இருப்பது ரொடாப்சின் என்ற ஒரே நிறமி, ஆகவே நிறம் பிரிக்காது. பல குச்சிகள் ஒரே நரம்பிழையில் செய்தி சேர்ப்பதால் உருவமும் மங்கல்தான்.

அப்படியானால் குச்சி எதற்கு? வெளிச்சம் குறையட்டும், தெரியும். ஒரு குச்சி செல்லுக்கு ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், போதும் என்று ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1942-லேயே சோதனை செய்து காட்டினார்கள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நேராக முறைத்துப் பாருங்கள், மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போகும். பார்வையைச் சற்றே ஓரமாகத் திருப்பினால் வந்துவிடும், குச்சிகள் ஓரத்தில் இருப்பதால். இன்னொரு குறை, நிதானம். கரன்ட் போனதும் கூம்புகள் சுமார் 10 நிமிடத்தில் தங்களால் முடிந்தவரை பழகிவிடும். குச்சிகள் முழுத் திறனுக்கு வர அரை மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது செல்போன் டார்ச்சை முகத்தில் அடித்தால், அப்புறம் மறுபடி முதலிலிருந்து!

எதை இழந்தால் அதிக நஷ்டம்? வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அடிபடுவது குச்சி, அதுதான் மாலைக்கண். பிறவியிலேயே கூம்புகள் வேலை செய்யாதவர்களுக்கோ பகல்தான் எதிரி: வெயிலில் கண் கூசும், நிறம் கிடையாது, எழுத்து தெளியாது. பசிபிக் கடலில் உள்ள மைக்ரோனீசியா நாட்டின் பிங்கெலாப் தீவில் இந்தக் குறை அசாதாரணமாக அதிகம்.

டியூப்லைட் காலத்தில் கூம்பு இருந்தால் போதும் என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனால் உடல் அப்படிப் பங்கு பிரிப்பதில்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் பெரும்பாலும் பழுது குச்சிகளில்தான் தொடங்கும். சில ஆண்டுகளில் பழுதில்லாத கூம்புகளும் சாகத் தொடங்கும். கூம்புகளைக் காக்கும் ஒரு புரதத்தைச் சுரப்பது குச்சிகளே என்பது இதற்கு ஒரு காரணம்.