கேரவன் நிழலில், பேனல் வெயிலில்: மூன்று வருட அனுபவம்

கேரவனை முதன்முதலாகத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது, "எந்த ஹீரோவுக்குப்பா இது?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்தானே. எங்களுடையது காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற சின்ன வண்டி. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஒரு ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு, அம்மாவின் இன்சுலினுக்காக 12 வோல்ட்டில் ஓடும் குட்டி ஃபிரிட்ஜ். பெங்களூரு அல்சூரிலிருந்து மாதம் ஒருமுறையாவது கிளம்பிவிடுவோம்: கிருஷ்ணகிரி அணை, ஏற்காடு, ஜவ்வாது மலை. வெளியே இருக்கும் நாட்களில் பேட்டரிக்குச் சாப்பாடு போடுவது 100 வாட் மடக்கு சோலார் பேனல்.

"கூரை மேலேயே ஒட்டிட வேண்டியதுதானே?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஏப்ரல் வெயிலில் நிறுத்தினால் கேரவன் இட்லிக் குண்டான் ஆகிவிடும். வண்டி புளியமரத்தடியில் நிற்க வேண்டும், பேனல் வெட்டவெளியில் கிடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டர் வயர். முதல் வருடம் என்னைப் படுத்தியெடுத்தது அந்த வயர்தான்.

பேனல் வந்தபோதே அதன் முதுகில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒட்டியிருந்தது. கூடவே ஒல்லியாக ஒரு வயர், முனையில் முதலைக் கிளிப். பேட்டரியில் கவ்வ விட்டால் பச்சை விளக்கு எரியும். மதியமே 'ஃபுல்' என்று காட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜ் கீச்சென்று கத்தி நின்றுவிடும். பேனல் போலி என்று முடிவுகட்டி, விற்றவரிடம் சண்டையும் போட்டேன். பதினான்காவது மாதம் பேட்டரியே படுத்துவிட்டது.

ஸ்ரீராம்புரத்தில் வயதான ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு, "வெயில்ல போட்டுக் காட்டு தம்பி" என்றார். மீட்டரை முதலில் கன்ட்ரோலரில் வைத்தார்: 14.4 வோல்ட். அப்புறம் பேட்டரி முனையில்: 13.3. "பாத்தியா? கன்ட்ரோலர் நிறைஞ்சிருச்சுன்னு நெனச்சுக் கையக் கட்டிக்குது. பேட்டரி தெனமும் பசியோட படுக்குது."

கணக்கு எளிதுதான், நான்தான் போட்டுப் பார்க்கவில்லை. பத்து மீட்டர் என்றால் போக வர இருபது மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். லெட் ஆசிட் பேட்டரிக்கு அந்த ஒரு வோல்ட்தான் வயிறு நிறைவதற்கும் அரைவயிற்றுக்கும் உள்ள வித்தியாசம். அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது.

முதுகில் இருந்ததைக் கழற்றிவிட்டு, வேறு கன்ட்ரோலரைக் கேரவனுக்குள் பேட்டரிக்கு ஒரு முழம் தள்ளிப் பொருத்தினோம். எஸ்.பி. ரோட்டில் 4 ஸ்கொயர் சோலார் வயர் வாங்கினேன். இப்போதும் பத்து மீட்டரில் அரை வோல்ட் போகத்தான் செய்கிறது. ஆனால் அது கன்ட்ரோலருக்கு முன்னால், பேனல் பக்கம். அங்கே 18 வோல்ட் வருகிறது. அரை போனால் யாருக்குத் தெரியும்? பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. முதலைக் கிளிப்புக்குப் பதில் அடிக்கடி மாட்டிக் கழற்றத் தோதான ஆண்டர்சன் பிளக், ஏனென்றால் சோலார் பேனல்களில் வழக்கமாக வரும் எம்.சி.4 கனெக்டர் தினமும் மாட்டிக் கழற்றுவதற்கானதல்ல.

அப்போதே பி.டபிள்யூ.எம். என்கிற சாதாரண வகை கன்ட்ரோலரை விட்டு, பேனலிலிருந்து முடிந்த அளவு சக்தியைக் கறக்கும் எம்.பி.பி.டி. வகைக்கும் மாறினேன். நல்ல மதியத்தில் 5.2 ஆம்பியர் வந்த இடத்தில் இப்போது 6 வருகிறது. கடைக்காரர் சொன்ன அளவுக்கு அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒரே ஒரு பேனலுக்கு அந்தக் காசைத் தடித்த வயரில் போடலாம் என்பேன்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். ஒருமுறை அணைக்கரையில் அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டேன். 12-ஆ 24-ஆ என்று தானாகக் கண்டுபிடிக்கிற கன்ட்ரோலர், பேனலின் வோல்ட்டைப் பார்த்து 24 வோல்ட் பேட்டரி என்று நினைத்துக்கொண்டது. அரைநாள் வெயில் வீண்.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? வாஸ்து மாதிரி எல்லோரும் 'தெற்கு' என்கிறார்கள். பெங்களூரு இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் ஏறக்குறைய மட்டமாகவே வைக்கிறேன். டிசம்பரில் முப்பது டிகிரிக்கு மேல் தெற்கே சாய்க்கிறேன். தரையோடு போடாமல் கீழே காற்றோட்டம் விடுவதும் முக்கியம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போய்விடும். அதனால்தான் ஒகேனக்கலின் மே மாத வெயிலைவிட இங்கே பிப்ரவரி வெயில் நன்றாக ஏற்றுகிறது. நிழல் இன்னும் கொடுமை: ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே ஆம்பியர் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

என் பதிவேட்டின்படி ஏப்ரலில் ஒரு நாளைக்குச் சுமார் 30 ஆம்பியர்-அவர் (பேட்டரியில் ஏறும் மின்சாரத்தின் அளவு), ஜூலை மேகத்தில் 10. ஃபிரிட்ஜ் மட்டுமே 25 கேட்கிறது. ஆகவே மழைக்காலத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதில்லை, இன்சுலினோடு விளையாட முடியாது. பழைய பேட்டரி போன இடத்தில் இப்போது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எடை பாதிக்கும் கீழே. கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றி, லெட் ஆசிட்டுக்காக அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் ஈக்வலைஸ் என்பதை அணைக்க வேண்டியிருந்தது.

குறைகள்? மடிப்பில் துணி பிய்ந்து டேப் ஒட்டியிருக்கிறேன். தாங்குகால் காற்றுக்கு நிற்காது, கல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு குரங்கு பிளக்கைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போய்விட்டது. இன்னொரு 100 வாட் வாங்கி இணையாகச் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. ஆம்பியர் இரட்டிப்பாகும், 6 ஸ்கொயர் வயர் எடுக்க வேண்டும். பேனலை அப்புறம் பார்க்கலாம், முதலில் வயரின் விலையை விசாரித்து வைத்திருக்கிறேன்.